தண்ணீர் குடித்த ஆயில் என்ஜின்



ஐப்பசி, கார்த்திகை மழை நம்ம மதுரைச் சீமையில் ஒரு கணக்கில் பெய்வதில்லை. பத்து நாள் வானத்தைப் பார்க்க வைக்கும். பதினோராம் நாள் ஒரே ராத்திரியில் வரத்துக் கால்வாய் உடைப்பெடுக்கும் அளவுக்குக் கொட்டிவிடும். 2024 அக்டோபர் 25-ஆம் தேதி மதுரையில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். சில மணி நேரத்தில் செல்லூர்ப் பக்கம் தெருவெல்லாம் வாய்க்காலாகிவிட்டது. வண்டியூர்க் கண்மாயின் அண்டையிலே இருக்கிற கே.கே. நகர்க்காரர்களுக்கும் கண்மாய்க் கரையில் காடு கழனி வைத்திருக்கிற நமக்கும் இதிலே ஒரே கவலைதான். தண்ணீர் எந்தப் பக்கம் திரும்புமோ என்ற கவலை.

நமக்குக் கூடுதலாக இன்னொரு கவலையும் உண்டு. கிணற்றுக்குள்ளே இறக்கி வைத்த ஆயில் என்ஜின் என்ன ஆச்சோ என்பதுதான் அது.

என்ஜினைக் கிணற்றுக்குள் ஏன் இறக்குகிறோம்? பம்பு தண்ணீரை மேலே தள்ளுவதில் கெட்டி, கீழேயிருந்து உறிஞ்சுவதில் அவ்வளவு கெட்டி இல்லை. காகிதக் கணக்கில் 34 அடி ஆழத்திலிருந்து உறிஞ்சலாம். நடைமுறையில் 20, 22 அடிக்கு மேல் நம்பக் கூடாது. கோடையில் தண்ணீர் கீழே போகப் போக, நாமும் பம்பையும் என்ஜினையும் கிணற்றுத் திட்டில் இறக்கிக்கொண்டே போகிறோம். மழை வரும்போது மேலே ஏற்ற மறந்துவிடுகிறோம். விடிந்து போய் எட்டிப் பார்த்தால் சைலன்சர் நுனி மட்டும் தெரியும். சில நேரம் அதுவும் தெரியாது.

கரண்ட் மோட்டார் வந்த பிறகு ஆயில் என்ஜின் எதற்கு என்று சிலர் கேட்கலாம். சர்வீஸ் கிடைக்காத கிணறுகள் இருக்கின்றன. கண்மாயிலிருந்தும் ஓடையிலிருந்தும் இறைக்க, வயலில் தேங்கிய மழைத்தண்ணீரை வெளியேற்ற, இன்றைக்கும் தள்ளுவண்டியில் வைத்த டீசல் என்ஜின்தான் கைகொடுக்கிறது. பவர் டில்லரும் டிராக்டரும் அதே இனம். ஆகவே இன்று சொல்லப்போவது இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் பதிய வையுங்கள். மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். மூழ்கிய என்ஜினைத் தண்ணீர் கொல்வதில்லை, அவசரம்தான் கொல்கிறது. ஒரு ராத்திரி தண்ணீரில் கிடந்த என்ஜினை எண்ணெய்ச் செலவோடும் ஒரு நாள் கூலியோடும் பிழைக்க வைத்துவிடலாம். அதே என்ஜினை வெளியே தூக்கிய கையோடு, "ஓடுதா பார்ப்போம்" என்று ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால், செலவு பத்து மடங்காகிவிடும்.

காரணம் சொல்கிறேன். டீசல் என்ஜினில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலே போகும்போது காற்றை நசுக்குகிறது. பதினாறு, பதினேழு பங்கு காற்று ஒரு பங்கு இடத்துக்குள் ஒடுங்குகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. காற்று நசுங்கிக் கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது. நம்ம 5 குதிரைச் சக்தி என்ஜினில் பிஸ்டன் ஒரு முறை மேலே போனால் ஏறக்குறைய 550 சி.சி. இடத்தைத் துடைத்துக்கொண்டு போகும். அது உச்சிக்குப் போன பிறகு மிச்சமிருக்கும் இடம் 35, 40 சி.சி.தான். ஆஸ்பத்திரி மருந்துக் கணக்கில் சொன்னால் ஒன்றரை அவுன்சுக்கும் குறைவு. அந்த ஒன்றரை அவுன்சுக்கு மேல் சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், பிஸ்டன் முழுதாக மேலே போக இடமில்லை. பறக்கும் சக்கரமோ பெரிய கனத்தோடு சுற்றிக்கொண்டு வருகிறது, அது நிற்காது. இரண்டுக்கும் நடுவிலே மாட்டிக்கொள்வது கனெக்டிங் ராடு. அது வளைகிறது. சில சமயம் ஹெட் கேஸ்கட் கிழிகிறது, ஹெட்டே விரிசல் விடுகிறது.

வளைந்த ராடு உடனே தெரியாது என்பதுதான் இதில் பொல்லாத சங்கதி. என்ஜின் ஓடும். கொஞ்சம் தட்டுகிற சத்தம் கேட்கும், கொஞ்சம் இழுவை குறையும். "தண்ணீர் குடிச்சதுனால அப்படித்தான் இருக்கும்" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். பொதி கட்டுகிற நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் பாய்ச்சுகிற அன்றைக்கு ராடு முறிந்து, என்ஜின் வயிற்றை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பயிரும் போச்சு, என்ஜினும் போச்சு.

முதல் ஒரு மணி நேரம்

கிணற்றடிக்குப் போனதும் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறும்போது என்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா?

ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கி, திடீரென்று நின்றுவிட்டது என்றால், ராடு ஏற்கெனவே வளைந்திருக்கலாம். அந்த என்ஜினுக்கு வீட்டு வைத்தியம் கூடாது. ஹெட்டைக் கழற்றி மெக்கானிக் பார்க்கட்டும். ஓடையைக் கடக்கும்போது நடுத்தண்ணீரில் நின்றுபோன டிராக்டருக்கும் இதே விதிதான். மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள், கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றுங்கள். நின்றிருந்த என்ஜின்தான் மூழ்கியது என்றால் நல்ல செய்தி. உங்கள் கையாலேயே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. பக்கத்தில் கரண்ட் மோட்டாரும் இருந்தால், மெயினை நிறுத்தி ஃபியூஸைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். கிணற்றுக்குள்ளே இருக்கும் என்ஜினை அங்கேயே வைத்து ஓட்டிப் பார்க்கும் வேலையும் வேண்டாம். புகைபோக்கிக் குழாய் கிணற்றுக்கு மேலே வரை சரியாக இல்லாவிட்டால், புகையிலுள்ள விஷவாயு அடியிலேயே தங்கும். கார்பன் மோனாக்சைடு என்று அதற்குப் பெயர். அதற்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. இறங்கினவர் மயங்கி விழ, காப்பாற்றப் போனவரும் விழுந்த சம்பவங்கள் நாம் கேள்விப்படாதவை அல்ல.

மூன்றாவது, ஹேண்டில். அதைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள், ஆர்வக்கோளாறில் தம்பியோ மச்சானோ ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார்கள். அந்த ஒரு சுற்றுத்தான் ஆபத்து.

நான்காவது, தூக்கி வெளியே வைத்தால் அன்றைக்கே வேலையைத் தொடங்க வேண்டும். இரும்பு தண்ணீருக்குள் கிடக்கும்போது மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். ஈரத்தோடு காற்றுப் பட்டால் சில மணி நேரத்திலேயே சிவந்துவிடும். ரிங்கும் லைனரும் ஒட்டிக்கொள்ளும். "வெளியே எடுத்து வெயிலிலே காய வச்சிருக்கேன்" என்று சொல்கிறோமே, அதுதான் என்ஜினுக்கு நாம் செய்கிற பெரிய கெடுதல். மெக்கானிக் வர இரண்டு நாளாகும் என்று தெரிந்தால், என்ஜின் அந்தத் தண்ணீருக்குள்ளேயே கிடப்பது மேல். வெளியே எடுத்தாகிவிட்டது என்றால், தண்ணீரை வடித்துவிட்டு, டீசலும் ஆயிலும் கலந்து சிலிண்டரிலும் சம்பிலும் ஊற்றி வைத்துவிடுங்கள். சிலிண்டரில் எண்ணெய் நின்றாலும் தண்ணீர் நின்ற மாதிரிதான், ராடை வளைத்துவிடும். அதனால்தான் ஹேண்டில் வீட்டிலேயே இருக்கட்டும் என்கிறேன்.

கடற்கரை சொல்லும் பாடம்

இந்த விஷயத்தில் நமக்கு மூத்தவர்கள் கடற்கரை மீனவர்கள். நம்ம என்ஜினுக்கு மழைக்காலத்தில் மட்டும்தான் தண்ணீர்க் கண்டம். படகு என்ஜினுக்கு நாள் முழுதும் கண்டம். அடியிலே கடல், மேலே அலை. போதாததற்கு என்ஜினைக் குளிர வைக்கவும் கடல் தண்ணீரையே உள்ளே இழுத்து வெளியே விடுகிற படகுகள் பல. நாகப்பட்டினத்திலோ ராமேஸ்வரத்திலோ விசைப்படகு வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். ஆயில் குச்சியை உருவிப் பார்க்காமல் என்ஜினைக் கிளப்புவாரா? நடுக்கடலில் என்ஜின் நின்றால் அவருக்கு வரப்பில் உட்கார்ந்து யோசிக்க முடியாது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். உயிர் தப்பியவர்களின் படகுகளும் என்ஜின்களும் உப்புத் தண்ணீரிலும் மணலிலும் கிடந்தன. உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடப் பல மடங்கு கொடியது. தண்ணீர் உலர்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து, இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். ஆகையால் கடல் தண்ணீர் குடித்த என்ஜினை முதலில் நல்ல தண்ணீர் விட்டுத் தாராளமாக அலச வேண்டும். அதன் பிறகுதான் டீசல், அதன் பிறகுதான் ஆயில். "ஏற்கெனவே தண்ணீர் குடித்ததற்கு மறுபடியும் தண்ணீரா?" என்று தோன்றும். உப்பைக் கரைக்கத் தண்ணீரால்தான் முடியும், டீசலால் முடியாது.

நம்மிலும் உவர்க் கிணறு வைத்திருப்பவர்கள், ராமநாதபுரம் பக்கம் கடலோர நிலம் உள்ளவர்கள், இந்த வரிசையைத்தான் கடைப்பிடிக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 செ.மீட்டருக்கும் மேல் பதிவானது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் வருவது உப்பல்ல, வண்டல். அதற்கும் முதலில் அலசல்தான். சேறு காய்ந்து இறுகும் முன்னே வெளிப்புறத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் எந்த நட்டையும் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் வெளியே இருக்கிற மண்ணை நாமே உள்ளே தள்ளியவர்கள் ஆவோம்.

கழற்றும் வரிசை

இனி வேலை. பொறுமையாகக் கேளுங்கள்.

ஒன்று, ஆயில் சம்பு. அடியில் இருக்கும் வடிகால் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அதுதான் முதலில் வரும், பின்னால் ஆயில் வரும். முழுவதையும் ஒரு சட்டியில் பிடியுங்கள். கிணற்றிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் நாமும் மாடும் குடிக்கிறோம்.

இரண்டு, டீசல் டாங்கியும் ஃபில்டரும். டாங்கியைக் கழற்றிக் கவிழ்த்து, சுத்தமான டீசல் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். ஃபில்டருக்குள் இருக்கும் காகிதச் சுருளைக் காயவைத்து மறுபடி போட வேண்டாம். ஈரப்பட்ட சுருள் கிழிந்துவிடும், புதிது போடுங்கள்.

மூன்று, காற்று வழியும் புகை வழியும். ஏர் கிளீனர் கிண்ணத்தில் இருக்கும் ஆயிலைக் கொட்டிவிட்டு டீசலில் கழுவுங்கள். சைலன்சரைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள், ஒரு செம்புத் தண்ணீர் அதற்குள் ஒளிந்திருக்கும்.

நான்கு, சிலிண்டர். நாசிலைக் கழற்றி எடுங்கள். டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி விடுங்கள். பறக்கும் சக்கரத்தைக் கையால் மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றுங்கள். நாசில் இருந்த துவாரத்தின் வழியாகத் தண்ணீர் பீறிட்டு வரும். முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள். சக்கரம் ஓரிடத்தில் கல்லென்று நின்றால் முரட்டுத்தனமாகத் திருப்பாமல் விட்டுவிடுங்கள். உள்ளே துருவோ மண்ணோ பிடித்திருக்கிறது, ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

ஐந்து, அலசல். பக்கவாட்டுக் கதவைத் திறந்து, உள்ளே படிந்த சேற்றைத் துணியால் வழித்து எடுங்கள். பஞ்சு வேஸ்ட் கூடாது, நூல் பிரிந்து ஆயில் துவாரத்தை அடைக்கும். நைந்த பருத்தி வேட்டித் துணிதான் நல்லது. பிறகு சம்பில் டீசலும் கொஞ்சம் ஆயிலும் கலந்து ஊற்றி, சக்கரத்தைக் கையால் முப்பது சுற்றுச் சுற்றி வடித்துவிடுங்கள். வடிவது தெளிவாக வரும்வரை இப்படிச் செய்யுங்கள். இரண்டு மூன்று தடவை ஆகும். பெட்ரோலால் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆவி பற்றிக்கொண்டால் ஆளையே எரித்துவிடும், வேண்டவே வேண்டாம்.

ஆறு, டீசல் பம்பும் நாசிலும். இவற்றை மட்டும் வயலில் வைத்துப் பிரிக்காதீர்கள். டீசல் பம்புக்குள் இருக்கும் தண்டுக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி நம்ம தலைமயிரின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. ஒரு மண் துகள் போனால் போதும். அப்படியே கழற்றி, நாசில் சோதிக்கும் கருவி உள்ள பட்டறைக்கு எடுத்துப் போங்கள்.

ஏழு, ஓட்டிப் பார்ப்பது. எல்லாம் பூட்டியபின், உங்கள் என்ஜின் புத்தகத்தில் சொன்ன தரத்தில் புது ஆயில் ஊற்றுங்கள். நாசிலைப் பூட்டும் முன் சிலிண்டருக்குள் இரண்டு தேக்கரண்டி ஆயில் விட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். இரண்டு தேக்கரண்டிதான், அதற்கு மேல் வேண்டாம். டீசல் வழியில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். பிறகு கிளப்பி, பளு இல்லாமல் மெதுவான ஓட்டத்தில் பத்து நிமிஷம் விடுங்கள். நிறுத்தி, ஆயில் குச்சியைப் பாருங்கள். ஆயில் வெளுத்திருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். தெளிவாகவே இருந்தாலும், ஐந்தாறு மணி நேரம் ஓடியபின் ஒரு முறை மாற்றிவிடுங்கள். "புது ஆயிலைக் கீழே கொட்டுறதா?" என்று மனசு கேட்காது. மூன்று, மூன்றரை லிட்டர் ஆயிலின் விலையையும் கிராங்க் அரைத்து பேரிங் மாற்றும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

மூழ்காத என்ஜினிலும் தண்ணீர்

இதுவரை சொன்னது வெள்ளத்தில் அகப்பட்ட என்ஜினுக்கு. வெள்ளமே வராமல், கொட்டகைக்குள் பத்திரமாக நிற்கும் என்ஜினுக்குள்ளும் தண்ணீர் புகும். அது திருட்டுத் தண்ணீர். வீட்டில் திருடன் புகுந்தால் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்றுதானே பார்ப்போம்? என்ஜினுக்கு டீசல் வழி, புகை வழி, ஆயில் வழி என்று மூன்று கதவுகள். ஒவ்வொன்றும் தனித்தனி அடையாளம் காட்டும்.

டீசல் வழியாக வந்தால், என்ஜின் விட்டு விட்டு ஓடும், திணறும், நிற்கும். டாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ராத்திரி அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் தண்ணீர் தனியாக, கோடு போட்ட மாதிரி நிற்கும். பெரும்பாலும் குற்றவாளி நம்ம பேரல்தான். வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்த பேரலின் தலையில் மழைத்தண்ணீர் தேங்கும். பகல் சூட்டில் பேரல் மூச்சு விடும், ராத்திரிக் குளிரில் மூச்சு இழுக்கும். மூடித் திருகு இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று நினைப்போம். அந்தத் திருகு வழியாகவே தண்ணீர் உள்ளே இறங்கும். பேரலைப் படுக்க வையுங்கள், அல்லது தலைப்பக்கம் சாய்த்து, மூடி தண்ணீர் தேங்காத பக்கம் இருக்கும்படி வையுங்கள். அடியிலிருந்து நான்கு விரல் உயரத்து டீசலை எடுக்காதீர்கள். என்ஜின் டாங்கியைச் சாயங்காலமே நிரப்பி வையுங்கள். பாதி காலியாக இருந்தால் ராத்திரிக் குளிரில் உட்பக்கம் வியர்த்துத் தண்ணீராகிவிடும்.

புகை வழியாக வருவது மழை. வானத்தைப் பார்த்து நிற்கும் சைலன்சரில் பெய்கிற மழை நேரே வால்வு வரை போகும். காலையில் ஹேண்டில் வழக்கத்துக்கு மாறாகக் கல்லாக நின்றால், பலத்தைக் காட்டாதீர்கள். நாசிலைக் கழற்றி மேலே சொன்ன மாதிரி சுற்றிப் பாருங்கள். இதைத் தடுக்கச் செலவே இல்லை. ஒரு கொட்டாங்கச்சியையோ பழைய டப்பாவையோ சைலன்சர் மேல் கவிழ்த்து வையுங்கள். கிளப்பும் முன் எடுத்துவிடுங்கள்.

ஆயில் வழியாக வருவதுதான் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஆயில் நாளுக்கு நாள் குறைவதுதான் இயற்கை. நாம் ஊற்றாமலே ஆயில் குச்சியில் மட்டம் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள், ஏதோ ஒன்று கலக்கிறது. நிறம் பால் விட்ட காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர். நிறம் மாறாமல், நீர்த்து, டீசல் வாடை அடித்தால் டீசல் கசிகிறது. சந்தேகம் தீர ஒரு சோதனை உண்டு. பழைய இரும்புக் கரண்டியை அடுப்பில் நன்றாகச் சூடாக்கி, வெளியே எடுத்து, தள்ளி நின்று ஒரே ஒரு சொட்டு ஆயிலை அதில் விடுங்கள். நல்ல ஆயில் சத்தமில்லாமல் பரவிப் புகையும். தண்ணீர் கலந்த ஆயில், தாளிக்கும் எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலை போட்ட மாதிரி படபடவென்று வெடிக்கும்.

கேஸ்கட்டா, ரப்பர் வளையமா?

ஆயிலில் தண்ணீர் என்று உறுதியானால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நம்ம என்ஜினைக் குளிர வைக்க, பம்பின் டெலிவரியிலிருந்து ஒரு சிறு குழாய் வழியாகத் தண்ணீர் போய், லைனரைச் சுற்றி வந்து, ஹெட் வழியாக வெளியேறுகிறது. அந்தத் தண்ணீரை உள்ளே விடாமல் தடுத்து நிற்பவை இரண்டு. மேலே ஹெட் கேஸ்கட், கீழே லைனரின் அடியில் மாட்டிய ரப்பர் வளையம்.

மேலே உள்ள கேஸ்கட்டைச் சோதிக்க, உள்ளே வரும் தண்ணீர்க் குழாயின் திருகை மூடி, வெளியேறும் வழியாகவே தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். என்ஜினைக் கிளப்பிப் பளு இல்லாமல் ஒரே ஒரு நிமிஷம் ஓட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். என்ஜின் வெடிக்கிற தாளத்துக்கு ஏற்பக் குமிழி குமிழியாக வந்தால், சிலிண்டரின் அழுத்தம் தண்ணீருக்குள் கசிகிறது. கேஸ்கட் போயிருக்கிறது, அல்லது ஹெட்டில் விரிசல். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் அதுவும் சாட்சி. ஆனால் வெள்ளைப் புகை எல்லாமே தண்ணீர் அல்ல. கண்ணை எரித்து டீசல் வாடை அடித்தால், அது நாசில் கோளாறு.

கீழே உள்ள வளையத்தைச் சோதிக்க, சாயங்காலம் அதே மாதிரி தண்ணீர் நிரப்பி, என்ஜினை ஓட்டாமல் ராத்திரி முழுதும் விடுங்கள். காலையில் சம்பின் திருகை லேசாகத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் சொட்டினால் வளையமோ லைனரோ பழுது. பக்கக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், லைனர் அடியில் சொட்டு தொங்குவது கண்ணுக்கே தெரியும்.

கேஸ்கட் மாற்றும்போது மூன்று காரியம். பழைய கேஸ்கட்டின் ஒட்டலைத் துளியும் இல்லாமல் சுரண்டி எடுக்க வேண்டும். ஹெட்டின் அடிப்பரப்பில் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் ஹெட் கோணியிருக்கிறது, பட்டறையில் சமன் செய்யாமல் எத்தனை கேஸ்கட் போட்டாலும் நிற்காது. நட்டுகளை ஒரே மூச்சில் முறுக்காமல், எதிரும் புதிருமாக, மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். ஒரு முறை சூடாக ஓடி ஆறிய பிறகு மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். விரிசலுக்கு மேலே பசை பூசி ஒப்பேற்றும் வேலை வேண்டாம். சூட்டில் இளகி, நடுப்பாசனத்தில் காலை வாரிவிடும்.

வளையம் ஏன் சீக்கிரம் போகிறது தெரியுமா? டெலிவரி வால்வை மூடிக்கொண்டு என்ஜினை ஓட விடுகிறோம். அப்போது பம்பின் முழு அழுத்தமும் அந்தச் சிறு குழாய் வழியாக லைனரைச் சுற்றி ஏறுகிறது. இதைத் தவிருங்கள். வெளியேறும் தண்ணீர் நல்ல சூடாக, கை வைத்தால் சில விநாடி பொறுக்கும் அளவுக்கு இருக்குமாறு திருகை வையுங்கள். "ஜில்லுன்னு இருந்தா என்ஜினுக்கு நல்லது" என்பது தப்புக் கணக்கு. ரொம்பக் குளிர்ந்தால் உள்ளே வியர்த்து ஆயிலில் தண்ணீர் சேரும்.

விவசாயப் பெருமக்களே, புரட்டாசி முடிவதற்குள் மூன்று வேலையைச் செய்து வையுங்கள். கிணற்றுத் திட்டில் இருக்கும் என்ஜினை மேலே ஏற்றுங்கள். ஏற்ற முடியாவிட்டால் இழுத்துத் தூக்கக் கப்பியும் சங்கிலியும் தயாராக இருக்கட்டும். வீட்டில் ஒரு தடவைக்கான புது ஆயிலும் ஒரு ஃபில்டரும் ஒரு ஹெட் கேஸ்கட்டும் வாங்கி வையுங்கள். வெள்ளம் வந்த மறுநாள் ஊரே கடைக்குப் போகும், அன்றைக்குச் சாமான் கிடைக்காது. தினமும் கிளப்பும் முன் ஆயில் குச்சியை ஒரு தடவை உருவிப் பாருங்கள். படகுக்காரர் தன் உயிருக்காகச் செய்வதை, நாம் நம்ம பயிருக்காகச் செய்வோம்.

அப்படியும் மழை முந்திக்கொண்டு என்ஜினை மூழ்கடித்துவிட்டதா? பதற வேண்டாம். ஹேண்டிலைக் கழற்றி வீட்டில் வையுங்கள், வடிகால் திருகிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.